எல்.ஈ.டி.க்கு எத்தனை ஓம்ஸ் ரெசிஸ்டர்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், சில மாதங்கள் கழித்து, இதனை வைத்துக் கொண்டு கேம்ஸ் விளையாடுவது, கடிதம் டைப் செய்வது தவிர வேறு என்ன செய்திடலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். அவர்களுக்கு ஏற்ற, செலவு குறைந்த பொழுதுபோக்கு மைக்ரோ கண்ட்ரோலர் போர்டுகள். ஆர்டுயினோ யுனோ, ராஸ்ப்பெரி பை பிக்கோ போன்ற சிறிய போர்டு ஒன்றை வாங்கி, யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து, நாம் எழுதும் புரோகிராமை அதில் இறக்கி இயக்கலாம். இதில் எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது ஒரு எல்.ஈ.டி. விளக்கை விட்டு விட்டு எரிய வைப்பதுதான்.

இங்கேயே முதல் சந்தேகமும் வந்து விடுகிறது. கிட்டுடன் வரும் குறிப்பில், எல்.ஈ.டி.யுடன் 220 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை இணைக்கச் சொல்லி இருப்பார்கள். வேறு சிலர் 330 என்பார்கள். இன்னும் சிலர் 1 கிலோ ஓம்ஸ் போடுங்கள் என்பார்கள். ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்துப் பார்த்தாலும் எல்.ஈ.டி. எரிகிறது; இன்னும் பிரகாசமாகவே எரிகிறது! அப்படியானால் ரெசிஸ்டர் எதற்கு? எது சரியான மதிப்பு? ஒரே ஒரு கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இதற்கான விடையை நீங்களே கண்டுபிடித்து விடலாம்.

எல்.ஈ.டி. ஒரு பல்பு அல்ல

டார்ச் லைட்டில் உள்ள பழைய இழை பல்பில், இழையே ஒரு ரெசிஸ்டராகச் செயல்படுகிறது. அதனால் தனக்குத் தேவையான அளவு மின்சாரத்தை மட்டும் அது எடுத்துக் கொள்கிறது. எல்.ஈ.டி. அப்படி அல்ல. அது ஒரு டையோடு. குறிப்பிட்ட வோல்டேஜ் வரும் வரை அதில் மின்சாரம் ஏறத்தாழ பாய்வதே இல்லை. அந்த அளவைத் தாண்டியவுடன் மிக வேகமாக அதிகரிக்கிறது.

நம் ஊர் ஏரிகளில் உள்ள கலங்கலை நினைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் கலங்கலின் உயரத்தைத் தொடும் வரை ஒரு சொட்டும் வழியாது. அதற்கு மேல் ஓர் அடி ஏறினால் போதும், வெள்ளமாகக் கொட்டும். எல்.ஈ.டி.யும் இதே போலத்தான். ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யில் 1.8 வோல்ட்டில் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லி ஆம்பியர் பாய்கிறது என்றால், 2 வோல்ட்டில் அது 20 மில்லி ஆம்பியர் அளவிற்குப் போய் விடலாம். வெறும் 0.2 வோல்ட் வித்தியாசத்திற்கு இத்தனை மாற்றம்! இதனை நேரடியாக 5 வோல்ட்டில் இணைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

எனவே எல்.ஈ.டி.யைப் பொறுத்தவரை, கட்டுப்படுத்த வேண்டியது வோல்டேஜை அல்ல, அதன் வழியே பாயும் கரண்ட்டை. அந்த வேலையைச் செய்வதுதான் ரெசிஸ்டர்.

கணக்கு மிகச் சுலபம்

ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் ஓம் என்பவர் 1827ல் வெளியிட்ட விதிதான் இந்தக் கணக்கிற்கு அடிப்படை. நமக்குத் தேவையான வடிவில் அதனைக் கீழே தருகிறேன்.

ரெசிஸ்டர் = (சப்ளை வோல்டேஜ் − எல்.ஈ.டி. வோல்டேஜ்) × 1000 ÷ கரண்ட்

இதில் கரண்ட்டை மில்லி ஆம்பியரில் எடுத்துக் கொள்ள வேண்டும். விடை ஓம்ஸில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, சப்ளை 5 வோல்ட். எல்.ஈ.டி. சிவப்பு, அதற்கு 2 வோல்ட். மீதி உள்ள 3 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழுகிறது. நாம் அனுமதிக்க விரும்பும் கரண்ட் 15 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கொள்வோம். 3 × 1000 ÷ 15 = 200 ஓம்ஸ். இந்த மதிப்பில் ரெசிஸ்டர் எளிதில் கிடைக்காவிட்டால், இதற்கு அடுத்து மேலே உள்ள மதிப்பை எடுக்க வேண்டும். அது 220 ஓம்ஸ். கிட்டுகளில் 220 அடிக்கடி வருவதன் ரகசியம் இதுதான். 220 ஓம்ஸ் போட்டால் உண்மையில் பாயும் கரண்ட் 3 × 1000 ÷ 220 = 13.6 மில்லி ஆம்பியர்.

வண்ணத்திற்கு வண்ணம் மாறும்

எல்.ஈ.டி. வோல்டேஜ் அதன் வண்ணத்தைப் பொறுத்து மாறுகிறது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் வெவ்வேறு செமி கண்டக்டர் பொருள் பயன்படுத்தப்படுவதே இதற்குக் காரணம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.ஈ.டி.யை 1962ல் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். பிரகாசமான நீல எல்.ஈ.டி. 1990களில்தான் வந்தது. அதற்காக அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்திற்குத் தேவைப்படும் பொருளும் வேறு, வோல்டேஜும் அதிகம். பொதுவான அளவுகள் இவை:

இன்ஃப்ரா ரெட் (ரிமோட்டில் உள்ளது): 1.2 முதல் 1.5 வோல்ட்
சிவப்பு: 1.8 முதல் 2.2 வோல்ட்
மஞ்சள், ஆரஞ்சு: 2.0 முதல் 2.2 வோல்ட்
பழைய வகை இளம் பச்சை: 2.0 முதல் 2.2 வோல்ட்
பளிச்சென்ற புதிய வகைப் பச்சை: 3.0 முதல் 3.4 வோல்ட்
நீலம், வெள்ளை: 3.0 முதல் 3.4 வோல்ட்

பச்சையில் இரு வகைகள் இருப்பதைக் கவனியுங்கள். உங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லையா? டிஜிட்டல் மல்டி மீட்டரில் டையோடு குறி உள்ள இடத்திற்குத் திருப்பி, எல்.ஈ.டி.யின் இரு கால்களிலும் முனைகளை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான மீட்டர்களில் சிவப்பும் பழைய பச்சையும் மங்கலாக எரிந்து, 1.7 அல்லது 1.8 போன்ற ஓர் எண்ணைக் காட்டும். நீலம், வெள்ளைக்குச் சில மீட்டர்களின் வோல்டேஜ் போதாது. அதனால் எண் வராமல் போகலாம். அது எல்.ஈ.டி.யின் பழுது அல்ல.

முக்கியமான கேள்வி: பின் எவ்வளவு தாங்கும்?

சாதாரண 5 மில்லி மீட்டர் எல்.ஈ.டி. 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் நமக்கு அது மட்டும் போதாது. அந்தக் கரண்ட்டைக் கொடுப்பது கண்ட்ரோலர் சிப்பின் ஒரு பின். அந்தப் பின் எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். எல்.ஈ.டி. கெட்டால் சில ரூபாய்தான் நஷ்டம். பின் கெட்டால் போர்டே வீணாகி விடும். போர்டுக்குப் போர்டு இந்த அளவு மாறுகிறது.

ஆர்டுயினோ யுனோ (ஆர்3 வரை உள்ளவை): இதில் உள்ள சிப் ஏ.டி.மெகா328பி. 5 வோல்ட்டில் இயங்குகிறது. ஒரு பின்னில் 40 மில்லி ஆம்பியர் என்பது எந்தச் சூழ்நிலையிலும் தாண்டக் கூடாத உச்ச வரம்பு. தொடர்ந்து பயன்படுத்த 20 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக் கொள்ள வேண்டும். சிப் முழுவதற்கும் சேர்த்து உச்ச வரம்பு 200 மில்லி ஆம்பியர்.

ஆர்டுயினோ யுனோ ஆர்4: 2023ல் வந்தது. பார்ப்பதற்குப் பழைய யுனோ போலவே இருக்கும். பின்களின் வரிசையும் அதே. வோல்டேஜும் அதே 5. ஆனால் உள்ளே இருப்பது வேறு சிப். இதில் ஒரு பின்னிற்கு 8 மில்லி ஆம்பியர்தான் அனுமதி. பழைய புத்தகத்தைப் பார்த்து 220 ஓம்ஸ் போட்டுச் சிவப்பு எல்.ஈ.டி.யை இணைத்தால் 13.6 மில்லி ஆம்பியர் பாயும் என்று மேலே கணக்கிட்டோம். இது அனுமதிக்கப்பட்டதை விட ஒன்றரை மடங்கிற்கும் மேல்! எல்.ஈ.டி. எரியத்தான் செய்யும். தவறு நடப்பது நமக்குத் தெரியாது. இந்த போர்டிற்குக் கணக்குப் போட்டால், 3 × 1000 ÷ 8 = 375. எனவே 390 ஓம்ஸ் குறைந்த பட்சம். 470 ஓம்ஸ் போட்டால் நிம்மதி.

ராஸ்ப்பெரி பை பிக்கோ: 2021ல் வெளியானது. இதன் பின்கள் 5 வோல்ட் தருவதில்லை, 3.3 வோல்ட்தான். ஒரு பின்னின் கரண்ட் அளவு தொடக்கத்தில் 4 மில்லி ஆம்பியர் என்று அமைக்கப்பட்டிருக்கும். புரோகிராம் மூலம் 12 வரை உயர்த்தலாம். இந்த 4 என்பது அதற்கு மேல் போக விடாமல் தடுக்கும் எல்லை என எண்ண வேண்டாம். அதற்கு மேல் இழுத்தால் பின்னின் வோல்டேஜ் இறங்கத் தொடங்கும் என்றுதான் பொருள். எனவே தடுக்கும் வேலை இங்கும் ரெசிஸ்டருடையதுதான். சிவப்பு எல்.ஈ.டி.க்கு மீதி 1.3 வோல்ட். 330 ஓம்ஸ் போட்டால் 3.9 மில்லி ஆம்பியர். சரியாகப் பொருந்தி விடுகிறது.

3.3 வோல்ட் போர்டில் நீலம் அல்லது வெள்ளை எல்.ஈ.டி. இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்.ஈ.டி.க்கே 3 வோல்ட்டிற்கு மேல் தேவை. மீதம் இருப்பது மிகக் குறைவு. அதனால் ஒரே பாக்கெட்டில் இருந்து எடுத்த இரு எல்.ஈ.டி.களில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று மங்கலாகவும் எரியலாம். போர்டில் கோளாறு என்று நினைத்து விடாதீர்கள்.

எந்த ரெசிஸ்டரில் எவ்வளவு கரண்ட்?

ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமல் இருக்க, கீழே உள்ள அளவுகளைக் குறித்து வைத்துக் கொள்ளலாம். எல்லாம் மில்லி ஆம்பியரில்.

5 வோல்ட் போர்டு, சிவப்பு (2 வோல்ட்): 220 ஓம்ஸ் – 13.6, 330 ஓம்ஸ் – 9.1; 470 ஓம்ஸ் – 6.4, 1 கிலோ ஓம்ஸ் – 3
5 வோல்ட் போர்டு, நீலம், வெள்ளை (3.1 வோல்ட்): 220 ஓம்ஸ் – 8.6, 330 ஓம்ஸ் – 5.8, 470 ஓம்ஸ் – 4, 1 கிலோ ஓம்ஸ் – 1.9
3.3 வோல்ட் போர்டு, சிவப்பு (2 வோல்ட்): 220 ஓம்ஸ் – 5.9, 330 ஓம்ஸ் – 3.9, 470 ஓம்ஸ் – 2.8, 1 கிலோ ஓம்ஸ் – 1.3

கரண்ட் குறைந்தால் வெளிச்சம் போதுமா என்ற கவலை வேண்டாம். இப்போது கிடைக்கும் பிரகாசமான எல்.ஈ.டி.கள் 2 அல்லது 3 மில்லி ஆம்பியரிலேயே மேஜை மேல் வைத்துப் பார்க்கும் அளவிற்கு நன்றாக எரிகின்றன. மேலும், கரண்ட்டைப் பாதியாகக் குறைத்தால் வெளிச்சமும் பாதியாகி விட்டது போல நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சற்றுக் குறைந்தது போலவே தோன்றும். எனவே 15 மில்லி ஆம்பியரைத் துரத்திக் கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை.

ரெசிஸ்டரை அடையாளம் காண்பது

கடைகளில் எல்லா மதிப்பிலும் ரெசிஸ்டர் கிடைக்காது. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற வரிசையிலும், அவற்றின் பத்து, நூறு மடங்குகளிலும் கிடைக்கும். 220, 330, 470 எல்லாம் இந்த வரிசையில் வந்தவைதான். மின்னணுப் பொருட்கள் விற்கும் கடைகளில் பத்து, நூறு என்று கட்டாகக் கொடுப்பார்கள். கால் வாட் வகையைக் கேட்டு வாங்குங்கள். 220 ஓம்ஸில் 13.6 மில்லி ஆம்பியர் பாயும்போது உண்டாகும் வெப்பம் 0.04 வாட்தான், கால் வாட் தாராளம்.

மதிப்பு அதன் மேல் உள்ள வண்ணக் கோடுகளில் எழுதப்பட்டிருக்கும். கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு கோடு உள்ளதில் முதல் இரண்டும் எண்கள்; மூன்றாவது எத்தனை பூஜ்யம் என்பது; நான்காவது துல்லியம்; தங்க நிறம் என்றால் 5 சதவீதம்.

220 ஓம்ஸ்: சிவப்பு, சிவப்பு, பழுப்பு
330 ஓம்ஸ்: ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு
470 ஓம்ஸ்: மஞ்சள், ஊதா, பழுப்பு
1 கிலோ ஓம்ஸ்: பழுப்பு, கருப்பு, சிவப்பு

மூன்றாவது கோட்டில்தான் ஆபத்து உள்ளது. சிவப்பு, சிவப்பு, கருப்பு என்றால் அது 22 ஓம்ஸ். அவசரத்தில் இதனை 220 என்று எடுத்துப் போட்டால், கணக்குப்படி 136 மில்லி ஆம்பியர் வரை இழுக்கப் பார்க்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் பழுப்பும் கருப்பும் ஒன்று போலத் தெரியும். சந்தேகம் இருந்தால், ரெசிஸ்டரைத் தனியாக எடுத்து மல்டி மீட்டரில் அளந்து பார்ப்பதே நல்லது. ஐந்து கோடு உள்ள ரெசிஸ்டர்களில் முதல் மூன்று எண்கள். நான்காவதுதான் பூஜ்யங்களின் எண்ணிக்கை.

செய்து பார்க்கலாமா?

ஆர்டுயினோ யுனோ, பிரெட்போர்டு, சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று, 470 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்று, ஜம்பர் வயர் இரண்டு ஆகியவற்றை எடுத்துக் கொள்ளுங்கள்.

1. முதலில் யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றி விடுங்கள். இணைப்புகள் எல்லாம் முடிந்த பிறகே மீண்டும் செருக வேண்டும்.

2. எல்.ஈ.டி.யின் நீளமான கால் பாசிட்டிவ். குட்டையான கால் நெகட்டிவ். கால்களை ஏற்கனவே வெட்டி இருந்தால், அடிப்பகுதி வட்டத்தில் தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ்.

3. 13ம் எண் பின்னில் இருந்து ஒரு வயரை ரெசிஸ்டரின் ஒரு முனைக்கும், ரெசிஸ்டரின் மறு முனையை எல்.ஈ.டி.யின் நீளக் காலுக்கும் இணையுங்கள். குட்டைக் காலை போர்டில் கிரவுண்ட் என்று குறிக்கப்பட்ட பின்னுடன் இணையுங்கள். ரெசிஸ்டரை எல்.ஈ.டி.க்கு முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் ஒன்றுதான். வரிசையாக இருந்தால் போதும்.

4. கேபிளைச் செருகி, ஆர்டுயினோ சாப்ட்வேரில் பைல் மெனுவைத் திறந்து, எக்ஸாம்பிள்ஸ், பேசிக்ஸ், பிளிங்க் என்று தேர்ந்தெடுத்து, அப்லோட் பட்டனைக் கிளிக் செய்திடவும். போர்டிலேயே உள்ள சிறிய எல்.ஈ.டி.யும் நீங்கள் இணைத்ததும் ஒன்றாக விட்டு விட்டு எரியும். போர்டில் உள்ளது மட்டும் எரிந்தால், உங்கள் எல்.ஈ.டி.யைத் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

5. கணக்கு சரிதானா என்று பார்க்க, புரோகிராமில் டிலே என்று உள்ள இரு இடங்களிலும் 1000 என்பதை 10000 என மாற்றி மீண்டும் அப்லோட் செய்திடவும். இப்போது விளக்கு 10 விநாடிகள் தொடர்ந்து எரியும். அந்த நேரத்தில் மல்டி மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். 3 வோல்ட்டிற்கு அருகில் காட்டும். அதனை 470ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் கரண்ட் தெரிந்து விடும். சர்க்யூட்டை அறுத்து மீட்டரை இடையில் சொருக வேண்டிய தேவையே இல்லை.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

ரெசிஸ்டர் இல்லாமலும் எரிகிறதே, ஏன்? சிப்பின் உள்ளே பின்னிற்கும் சிறிதளவு ரெசிஸ்டன்ஸ் உண்டு. ஏ.டி.மெகா328பி சிப்பில் இது ஏறத்தாழ 25 ஓம்ஸ். அதுதான் தடுத்து நிறுத்தப் பார்க்கிறது. ஆனால் கரண்ட் 40 மில்லி ஆம்பியர் என்ற வரம்பைத் தாண்டி விடும். வெப்பம் சிப்பின் உள்ளே உண்டாகும். உடனே கெடாமல், பல நாட்கள் கழித்து அந்த பின் மட்டும் செயல்படாமல் போகலாம். அப்போது காரணமும் புரியாது. பட்டன் செல்லில் எல்.ஈ.டி.யை நேராக இணைத்த கீ செயின் டார்ச் வேலை செய்கிறதே என்று கேட்கலாம். அங்கே செல்லின் உள் ரெசிஸ்டன்ஸ் கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிறது. யு.எஸ்.பி. சப்ளை அப்படிப்பட்டதல்ல.

நான்கு எல்.ஈ.டி.களுக்கு ஒரே ரெசிஸ்டர் போடலாமா? நான்கையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடுவது சரியல்ல. எந்த இரு எல்.ஈ.டி.யும் நூற்றுக்கு நூறு ஒன்று போல இருப்பதில்லை. வோல்டேஜ் சற்றுக் குறைவாக உள்ளது பெரும்பங்கு கரண்ட்டை இழுத்துக் கொள்ளும். சிவப்பையும் நீலத்தையும் இப்படி இணைத்தால் சிவப்பு மட்டுமே எரியும். எனவே எல்.ஈ.டி. ஒவ்வொன்றிற்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். மூன்று வண்ண ஆர்.ஜி.பி. எல்.ஈ.டி.க்கு மூன்று ரெசிஸ்டர். எண்களைக் காட்டும் செவன் செக்மெண்ட் டிஸ்ப்ளேக்கு, புள்ளியையும் சேர்த்து எட்டு. பொதுக் காலில் ஒரே ஒரு ரெசிஸ்டர் போட்டால், 1 என்ற எண் பளிச்சென்றும் 8 என்ற எண் மங்கலாகவும் தெரியும்.

இரண்டை வரிசையாக இணைக்கலாமா? 5 வோல்ட்டில் இரு சிவப்பு எல்.ஈ.டி.களை ஒன்றன் பின் ஒன்றாக இணைக்கலாம். மீதி 1 வோல்ட்; 220 ஓம்ஸ் போட்டால் 4.5 மில்லி ஆம்பியர். இரண்டு நீலத்திற்கு 6 வோல்ட்டிற்கு மேல் வேண்டும் என்பதால் அவை எரியாது.

புரோகிராம் மூலம் வெளிச்சத்தைக் குறைத்தால் ரெசிஸ்டர் வேண்டாம் அல்லவா? வேண்டும். அந்த முறையில் பின் மிக வேகமாக ஆன், ஆஃப் ஆகிறது. சராசரி வெளிச்சம்தான் குறைகிறது. ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் முழுக் கரண்ட்டும் பாயும்.

12 வோல்ட் எல்.ஈ.டி. ஸ்டிரிப் இணைக்கலாமா? பின்னுடன் நேரடியாகக் கூடாது. அந்த ஸ்டிரிப்பிலேயே ரெசிஸ்டர்கள் உள்ளன. ஆனால் வோல்டேஜும் கரண்ட்டும் பின்னின் சக்திக்கு அப்பாற்பட்டவை. தனி 12 வோல்ட் அடாப்டரும், இடையில் டிரான்சிஸ்டர் அல்லது யு.எல்.என்.2003 போன்ற டிரைவர் சிப்பும் தேவை.

இன்னொரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு யு.எஸ்.பி., பேட்டரி போன்ற குறைந்த வோல்டேஜ் சப்ளைக்கு மட்டுமே. வீட்டில் வரும் 230 வோல்ட் லைனில் இதனைச் சோதித்துப் பார்க்கவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

நினைவில் வைக்க

5 வோல்ட் போர்டு என்றால் 470 ஓம்ஸ், 3.3 வோல்ட் போர்டு என்றால் 330 ஓம்ஸ். இந்த இரண்டையும் பத்துப் பத்து வாங்கி வைத்துக் கொண்டால், ஆரம்ப நிலைச் சோதனைகள் பெரும்பாலானவற்றை முடித்து விடலாம். போர்டு எது, எல்.ஈ.டி. எது என்று தெரியாத நிலையில் 1 கிலோ ஓம்ஸ் போட்டுத் தொடங்குங்கள். ரெசிஸ்டர் அதிகமானால் வெளிச்சம்தான் குறையும், எதுவும் கெடாது. குறைந்தால்தான் கெடும். புதிய போர்டு ஒன்றை வாங்கியவுடன், ஒரு பின்னிற்கு எத்தனை மில்லி ஆம்பியர் என்ற ஒரே ஒரு எண்ணை அதன் குறிப்பேட்டில் தேடிப் பார்த்து, போர்டின் பெட்டி மேலேயே எழுதி வைத்து விடுங்கள். பிறகு யார் எந்த மதிப்பைச் சொன்னாலும், அது உங்கள் போர்டிற்குப் பொருந்துமா என்பதை நீங்களே கணக்கிட்டுச் சொல்லி விடலாம்.